சமூக ஊடகப் பதிவுகள் எல்லோரையும் எட்டச் செய்வது எப்படி? தமிழில் பதிவிடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழை தீவிரமடையும் நாட்களில் பள்ளி விடுமுறை அறிவிப்பு பெரும்பாலும் ஒரு படமாகத்தான் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. சிவப்புப் பட்டையில் பெரிய எழுத்துகள், மாவட்ட ஆட்சியரின் புகைப்படம், ஓரத்தில் செய்தி நிறுவனத்தின் சின்னம் என்று எல்லாம் அந்தப் படத்துக்குள் இருக்கும். பதிவின் எழுத்துப் பகுதியிலோ 'முக்கிய அறிவிப்பு' என்ற இரண்டு சொற்களும் நான்கு குடை எமோஜிகளும் மட்டுமே இருக்கும். பார்வையற்ற ஒரு தாய் அந்தப் பதிவுக்கு வரும்போது, அவருடைய கைப்பேசி 'முக்கிய அறிவிப்பு, குடை, குடை, குடை, குடை, படம்' என்று வாசித்துவிட்டு நின்றுவிடுகிறது. எந்த மாவட்டம், எந்த வகுப்பு வரை, கல்லூரிகளுக்கும் உண்டா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமலே போகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்திருக்கிறது. ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வெளியாகும் உள்ளடக்கம் அனைவரும் அணுகத்தக்க வடிவில் இருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை அதன் 42ஆவது பிரிவு அரசுகள்மீது சுமத்துகிறது. அமிலவீச்சில் கண்கள் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் வங்கிகளின் மின்னணு அடையாளச் சரிபார்ப்பை முடிக்க இயலாமல் உச்ச நீதிமன்றத்தை நாடினார்கள். அந்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்த நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியது. அரசு அலுவலகமோ ஊடகமோ தொண்டு நிறுவனமோ, ஒரு பக்கத்தை நடத்துகிறவர்கள் இதை விரும்பினால் செய்யும் உபகாரமாகக் கருதக் கூடாது என்பதற்காகவே சட்டத்தை முதலில் சொல்கிறேன். சட்டத்தின் கண்ணில் படாத தனிநபர் பதிவுகளுக்கும் கீழே உள்ள ஒவ்வொரு படியும் அப்படியே பொருந்தும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணச்செலவு இல்லை.

முதல் படி: எழுத்தை எழுத்தாகவே இடுங்கள்

தமிழ்ச் சமூக ஊடகத்தின் மிகப் பெரிய தடை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. வேலைவாய்ப்பு அறிவிப்பு, தேர்வுத் தேதி, இரத்த தானக் கோரிக்கை, இரங்கல் செய்தி, கவிதை, சமையல் குறிப்பு என அனைத்தும் நியூஸ் கார்டாகவும் போஸ்டராகவும் மாறிவிட்டன. திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளான திரை வாசிப்பான், படத்துக்குள் இருக்கும் எழுத்தை நேரடியாகப் படிக்காது. படத்திலுள்ள எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அலங்கார எழுத்துருவில், பூவேலைப்பாட்டின் மேல், சாய்வாக எழுதப்பட்ட தமிழில் அவை அடிக்கடி தடுமாறுகின்றன. ஒரு தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் இரத்தம் தேடும் குடும்பத்துக்கு அழைப்பு போய்ச் சேராது.

ஆகவே, போஸ்டரை வெளியிடுங்கள். ஆனால் அதில் உள்ள செய்தி முழுவதையும் பதிவின் எழுத்துப் பகுதியிலும் தட்டச்சு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பும்போது அதன் கீழே உள்ள குறிப்புப் பெட்டியில் அதையே இடுங்கள். போஸ்டரை வடிவமைத்தவரிடம் அந்த வாசகம் ஏற்கெனவே எழுத்தாக இருக்கும் என்பதால், அதை நகலெடுத்து ஒட்ட அரை நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்தால் கண் பார்வை குறைந்தவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், பிறமொழிக்காரர் மொழிபெயர்த்துப் பார்க்கலாம், ஆறு மாதம் கழித்துத் தேடுகிறவருக்கும் பதிவு கிடைக்கும்.

எழுத்தாக இட்டால் மட்டும் போதாது. அது யூனிகோடாக, அதாவது எல்லாக் கருவிகளும் ஒரேபோல் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக்குறியீட்டில், இருக்க வேண்டும். 1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றது. இருந்தும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் குறியீடுகளில் தட்டச்சு செய்த சுற்றறிக்கைகள் பி.டி.எஃப். கோப்புகளாக இன்றும் வலம்வருகின்றன. கண்ணுக்கு அவை அழகான தமிழாகத் தெரியும். திரை வாசிப்பானுக்கோ அவை தொடர்பற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். அந்தக் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு, ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால் பழைய குறியீடு. சிதறினால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒன்றைப் பயன்படுத்தி மாற்றி, ஒருமுறை பிழை பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.

தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதும் பழக்கமும் இங்கே சேரும். நண்பர்களுக்குள் பேசிக்கொள்ள அது வசதிதான். ஆனால் ஆங்கிலக் குரல் அதை ஆங்கிலச் சொற்களாகவே உச்சரிக்கும் என்பதால், கேட்கிறவர் ஒவ்வொரு சொல்லையும் ஊகிக்க வேண்டியிருக்கும். பொது அறிவிப்பு எதையும் அப்படி எழுதாதீர்கள். அதேபோல், பெயரைத் தடித்த எழுத்திலோ கையெழுத்துப் பாணியிலோ மாற்றித் தரும் தளங்களிலிருந்து எடுத்த ஆங்கில எழுத்துகள் உண்மையில் கணிதக் குறியீடுகள். சில திரை வாசிப்பான்கள் அவற்றை ஒவ்வொரு குறியீடாகப் பெயர் சொல்லி வாசிக்கும். சில முழுவதுமாக விட்டுவிடும்.

இரண்டாம் படி: படங்களுக்கு மாற்று உரை எழுதுங்கள்

மாற்று உரை என்பது படத்துடன் இணைத்து எழுதப்படும் விவரிப்பு. பார்க்கிறவர் கண்ணில் அது படாது; திரை வாசிப்பான் படத்துக்கு வரும்போது அதை வாசிக்கும். ட்விட்டர் 2016இலும் இன்ஸ்டாகிராம் 2018இலும் இந்த வசதியைப் பயனர் கைக்குக் கொடுத்தன. ஃபேஸ்புக்கிலும் லிங்க்ட்இன்னிலும் உண்டு. இன்று எக்ஸ் எனப்படும் தளத்தில் படத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதன் மூலையில் 'ஆல்ட்' என்ற பொத்தான் தெரியும். அங்கே 1,000 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம். இன்ஸ்டாகிராமில் வெளியிடுவதற்கு முந்தைய கடைசித் திரையில், கூடுதல் அமைப்புகளுக்குள் இது இருக்கும். பல படங்களை ஒரே பதிவில் இட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஃபேஸ்புக்கில் படத்தைத் திருத்தும் பகுதியில் தேடுங்கள். செயலிகள் பொத்தான்களின் இடத்தை அவ்வப்போது மாற்றுவதால், 'மாற்று உரை' அல்லது 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்ற பெயரை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மறதி உள்ளவர்கள் எக்ஸின் அணுகல்தன்மை அமைப்புகளுக்குப் போய், விவரிப்பு இல்லாத படத்தை வெளியிடும் முன் எச்சரிக்கும் வசதியை இயக்கி வைக்கலாம்.

ஃபேஸ்புக் தானாகவே உருவாக்கும் விவரிப்பை நம்பி இருந்துவிடாதீர்கள். 'மூன்று பேர் நிற்பது போன்ற படம்' என்ற அளவில் அது நின்றுவிடக்கூடும். அந்த மூவர் யார், ஏன் நிற்கிறார்கள் என்பது பதிவிடுகிறவருக்குத்தான் தெரியும்.

எழுதும் முறையை ஓர் எடுத்துக்காட்டில் காட்டுகிறேன். அரசுப் பள்ளி மாணவியர் மாநிலக் கபடிப் போட்டியில் வென்ற புகைப்படத்தை ஒரு பள்ளியின் பக்கம் வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'கபடி அணி' என்று மட்டும் எழுதினால் அது தலைப்பு, விவரிப்பு ஆகாது. 'பச்சைச் சீருடை அணிந்த ஏழு மாணவியர் புழுதி படிந்த கைகளால் ஒரு வெள்ளிக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். நடுவில் நிற்கும் அணித்தலைவி வாய்விட்டுச் சிரிக்கிறார். பின்னால் உடற்கல்வி ஆசிரியர் கைதட்டுகிறார்' என்று எழுதினால், படம் பார்க்கிறவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி கேட்கிறவருக்கும் கிடைக்கும். முதலில் யார், அடுத்து என்ன செய்கிறார்கள், பிறகு சூழல் என்ற வரிசை பெரும்பாலான படங்களுக்கு ஒத்துவரும். 'இந்தப் படத்தில்' என்று தொடங்க வேண்டாம். படம் என்பதைத் திரை வாசிப்பானே சொல்லிவிடும். வானத்தின் நிறம், பின்சுவரின் விரிசல் போன்றவை பதிவின் பொருளோடு தொடர்பிருந்தால் மட்டுமே வேண்டும். அதே கபடிப் படத்தை மைதானத்தின் மோசமான நிலையைச் சுட்டிக்காட்ட வெளியிட்டால், காலடியில் கிடக்கும் கருங்கல் சில்லுகள்தான் விவரிப்பின் முதல் வரியில் இருக்க வேண்டும். படம் ஒன்றாக இருந்தாலும் பதிவின் நோக்கம் மாறினால் மாற்று உரையும் மாறும்.

மீம் தமிழர்களின் அன்றாட மொழியாகிவிட்டது. அதிலிருந்து யாரையும் விலக்கி வைப்பது நியாயமில்லை. வடிவேலுவின் முகம் உள்ள ஒரு மீமுக்கு 'வடிவேலு மீம்' என்று எழுதினால் எந்த முகபாவம் என்பது தெரியாது. 'வடிவேலு கண்களை அகல விரித்து, இரு கைகளையும் கன்னத்தில் வைத்தபடி அதிர்ச்சியுடன் பார்க்கிறார். மேலே உள்ள வரி: மாதக் கடைசியில் மின்கட்டண ரசீதைப் பார்க்கும் நான்' என்று எழுதுங்கள். எழுத்தில் உள்ளதை ஒரு சொல்கூட மாற்றாமல் அப்படியே தாருங்கள். நகைச்சுவையை விளக்க முற்படாதீர்கள். கேட்கிறவர் அதைத் தாமே புரிந்துகொள்வார்.

வரைபடங்களுக்கும் புள்ளிவிவரப் படங்களுக்கும் வேறு முறை தேவை. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளையும் வண்ணமிட்டுக் காட்டும் தேர்தல் வரைபடத்தை மாற்று உரையில் அடக்க முடியாது. அது காட்டும் முக்கிய முடிவை மாற்று உரையில் இரண்டு வரிகளில் சொல்லிவிட்டு, முழு எண்களையும் பதிவின் உடலிலோ முதல் பின்னூட்டத்திலோ எழுத்தாகத் தாருங்கள்.

வாட்ஸ்அப் போன்று மாற்று உரைக்கெனத் தனி இடம் இல்லாத இடங்களில், படக்குறிப்பின் முடிவில் 'பட விவரிப்பு:' என்று தொடங்கி எழுதலாம். பி மை ஐஸ் போன்ற செயலிகளில் செயற்கை நுண்ணறிவு படத்தை விவரிக்கும் வசதி இப்போது பார்வையற்றோருக்குக் கைகொடுக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு படத்தையும் சேமித்து, வேறு செயலிக்கு அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்கும் வேலையை வாசகர் தலையில் கட்டுவதைவிட, பதிவிடுகிறவர் இரண்டு வரி எழுதுவதே முறை.

மூன்றாம் படி: பதிவின் வாசகத்தைச் செப்பனிடுங்கள்

ஹேஷ்டேகில் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து எழுதும்போது ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக இட்டால் திரை வாசிப்பான் சொற்களைப் பிரித்து வாசிக்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. எனவே சொற்களுக்கு இடையே அடிக்கோடு இடுவதே வழி. #சென்னைமழைவெள்ளநிவாரணம் என்பதைவிட #சென்னை_மழை_வெள்ள_நிவாரணம் என்பது காதுக்கும் தெளிவு, கண்ணுக்கும் தெளிவு. ஹேஷ்டேகுகளை வாக்கியத்தின் நடுவே செருகாமல் பதிவின் இறுதியில் வைத்துவிடுங்கள்.

எமோஜி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. திரை வாசிப்பான் அந்தப் பெயரை வாசிக்கும். கைப்பேசியின் மொழி ஆங்கிலமாக இருந்தால், தமிழ் வாக்கியத்தின் நடுவே ஆங்கிலப் பெயர் திடீரென்று குறுக்கிடும். ஒன்றிரண்டு போதும்; அவையும் வாக்கியம் முடிந்த பிறகு வரட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே கைதட்டலை இடும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். வரிக்கு வரி நட்சத்திரங்களும் சமக்குறிகளும் இட்டுக் கட்டம் கட்டுவதும் அப்படியே.

இணைப்புக்கு முன்னால் அது எங்கே கொண்டுபோகும் என்பதைச் சொல்லுங்கள். 'இங்கே அழுத்தவும்' என்பதில் எந்தத் தகவலும் இல்லை. 'விண்ணப்பப் படிவம், பி.டி.எஃப்., இரண்டு பக்கம்' என்பதில் தேவையான அனைத்தும் இருக்கிறது. தேதியை 05/06 என்று எழுதினால் அது மே மாதமா ஜூன் மாதமா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். 'ஜூன் 5, வியாழன், காலை 10 மணி' என்று எழுதுங்கள்.

கற்றல் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்கள், தமிழ் தாய்மொழியாக இல்லாதவர்கள், முதியவர்கள் ஆகியோரை எண்ணி, அறிவிப்புகளில் சொற்றொடரைச் சுருக்குங்கள். யாருக்கு, என்ன, எப்போது, எங்கே என்பவை முதல் மூன்று வரிகளில் வந்துவிட வேண்டும். அலுவலகத் தமிழின் 'மேற்படி', 'அன்னாரது', 'பொருள் தொடர்பாக' போன்ற சொற்கள் பதிவுக்கு எந்தக் கனத்தையும் சேர்ப்பதில்லை.

நான்காம் படி: நிறத்தையும் அளவையும் கவனியுங்கள்

டபிள்யூ.சி.ஏ.ஜி. எனப்படும் உலகளாவிய இணைய அணுகல்தன்மை நெறிகளின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்திலும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்ற விகிதத்திலும் இருக்க வேண்டும். இதைக் கணக்கிட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. வெள்ளையில் மஞ்சள், இளநீலத்தில் வெள்ளை, புகைப்படத்தின் மேல் நேரடியாக எழுத்து ஆகிய மூன்றும் நம் போஸ்டர்களில் அடிக்கடி காணப்படும் பிழைகள். புகைப்படத்தின் மேல் எழுதியே ஆக வேண்டுமென்றால் எழுத்துக்குப் பின்னால் அடர்நிறப் பட்டை ஒன்றை வையுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் ஏராளம். ஆகவே நிறத்தை மட்டும் வைத்துப் பொருள் சொல்லாதீர்கள். 'சிவப்பில் உள்ள பகுதிகளில் மின்தடை' என்பதோடு அந்தப் பகுதிகளின் பெயரையும் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: காணொளியைக் கேளாதவருக்கும் காணாதவருக்கும் உரியதாக்குங்கள்

செவித்திறன் குறைந்தவர்களுக்குச் சப்டைட்டில் இன்றியமையாதது. தானியங்கிச் சப்டைட்டில் கிடைக்கும் இடத்திலும் அதை முதல் வரைவாக மட்டுமே கொள்ளுங்கள். பேச்சுத் தமிழிலும் ஆட்பெயர்களிலும் ஊர்ப்பெயர்களிலும் அது செய்யும் பிழைகளைத் திருத்தாமல் வெளியிடுவது, தவறான செய்தியை வெளியிடுவதற்குச் சமம். யூடியூபில் சப்டைட்டிலை எஸ்.ஆர்.டி. கோப்பாக (வரிகளும் அவை தோன்ற வேண்டிய நேரமும் கொண்ட எழுத்துக் கோப்பு) தனியே ஏற்றினால் பார்க்கிறவர் வேண்டும்போது இயக்கிக்கொள்ளலாம். ரீல்ஸ், ஷார்ட்ஸ் போன்றவற்றில் காணொளிக்குள்ளேயே பதித்துவிடுவது பயன் தரும். ஆனால் அடிப்பகுதியில் செயலியின் பொத்தான்களும் கணக்கின் பெயரும் மறைத்துவிடும் என்பதால் சற்று மேலே வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. செங்குத்துக் காணொளியில் ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொற்கள், ஒரே நேரத்தில் இரண்டு வரிகள் என்பதைத் தாண்டாதீர்கள்.

பேச்சைத் தவிர மற்ற ஒலிகளும் முக்கியம். 'கதவு தட்டும் ஒலி', 'பின்னணியில் நாதசுவரம்', 'கூட்டம் ஆரவாரிக்கிறது' என்று அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். பேசுகிறவர் திரையில் இல்லாதபோது பெயரைச் சேருங்கள்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே எழுகிறது. பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். பள்ளிப் பாடநூல்களின் வழியே தமிழைக் கற்ற, காது கேளாத ஒருவருக்கு 'போயிட்டிருக்காய்ங்க' என்பது பழக்கமில்லாத சொல்லாக இருக்கக்கூடும். மருத்துவம், அரசுத் திட்டம், பேரிடர் எச்சரிக்கை போன்ற தகவல் காணொளிகளில் பேச்சை எழுத்துத் தமிழுக்கு நெருக்கமாக்கித் தருவதே நல்லது. நாடகம், நகைச்சுவை, நேர்காணல் போன்றவற்றில் மதுரைப் பேச்சும் கோவைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் அப்படியே இருக்கட்டும், ஏனெனில் அங்கே பேச்சுவழக்கும் உள்ளடக்கத்தின் ஒரு பகுதி.

சப்டைட்டில் இருந்தால் சைகை மொழி தேவையில்லை என்று கருத வேண்டாம். இந்திய சைகை மொழி தமிழின் கைவடிவம் அன்று. அதற்கெனத் தனி இலக்கணம் இருக்கிறது, பலருக்கு அதுவே முதல் மொழி. டெல்லியில் 2015இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம், 2021இல் 10,000 சொற்களுடன் தன் அகராதியின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. அதிலுள்ள காணொளிகளைப் பார்த்து நாமே கையசைத்துவிடலாம் என்று எண்ணாமல், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைத்து உரிய ஊதியம் கொடுங்கள். அவருடைய முகமும் இடுப்புவரையிலான உடலும் கைகளும் முழுமையாகத் தெரிய வேண்டும். முகபாவமும் அந்த மொழியின் இலக்கணத்தில் சேர்ந்தது. காணொளியைச் சதுரமாகவோ செங்குத்தாகவோ வெட்டும்போது அவர் பாதியில் வெட்டுப்படுவதைப் பலமுறை காண முடிகிறது. அதை வெளியிடுவதில் பொருளே இல்லை.

பார்வையற்றோருக்காகக் காணொளியில் செய்ய வேண்டியதோ, படப்பிடிப்பின்போதே பேச்சைச் சற்று மாற்றுவதுதான். தமிழ்ச் சமையல் காணொளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'இதை இவ்வளவு சேர்த்துக்கலாம், இந்தப் பதம் வந்ததும் இதைப் போட்டுக்கலாம்' என்று சொல்லும்போது, பார்க்க முடியாதவர் கையில் எதுவும் கிடைப்பதில்லை. 'அரை டீஸ்பூன் மஞ்சள் தூள் சேர்க்கிறேன். வெங்காயம் பொன்னிறமாகி எண்ணெய் பிரிந்துவிட்டது, பச்சை வாடை போய்விட்டது. இப்போது நறுக்கிய இரண்டு தக்காளியைப் போடுகிறேன்' என்று சொன்னால், பார்வையற்றவர் அந்தக் குழம்பை வைத்துவிடுவார். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பவருக்கும் அது உதவும். இசையை மட்டும் ஓடவிட்டு, செய்முறையைத் திரையில் எழுத்தாகக் காட்டும் காணொளிகளுக்குக் குரல் சேருங்கள். இயலாவிட்டால் முழுச் செய்முறையையும் விவரப் பகுதியில் எழுதுங்கள்.

வேகமாகப் பளிச்சிடும் காட்சிகளில் மிகுந்த எச்சரிக்கை தேவை. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னிய காட்சியைப் பார்த்த 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் எதையும் வெளியிடாதீர்கள். பட்டாசு, திருவிழா மின்விளக்கு, இசைநிகழ்ச்சி ஆகியவற்றின் காணொளிகளில் அந்தப் பகுதியை வெட்டிவிடுவதே பாதுகாப்பு. எச்சரிக்கை வாசகம் அதற்கு ஈடாகாது, ஏனெனில் தானாக ஓடத் தொடங்கும் காணொளியில் வாசகத்தைப் படிப்பதற்குள் காட்சி வந்துவிடும்.

குரல் பதிவுகளை மறந்துவிட வேண்டாம். குடியிருப்போர் குழுவிலும் பள்ளிப் பெற்றோர் குழுவிலும் ஐந்து நிமிடக் குரல் பதிவு ஒன்றை அனுப்புகிறவர், அதன் சாரத்தை நான்கு வரிகளில் எழுத்தாகவும் அனுப்ப வேண்டும்.

ஆறாம் படி: நிகழ்ச்சி அறிவிப்பில் இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்

புத்தக வெளியீடு, கருத்தரங்கு, குறைதீர் முகாம் போன்றவற்றை அறிவிக்கும்போது, அரங்கம் எந்தத் தளத்தில் உள்ளது, சாய்தளமும் லிஃப்டும் உண்டா, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்கிறதா, சைகை மொழிபெயர்ப்பாளர் வருவாரா என்பதை இரண்டு வரிகளில் எழுதுங்கள். வசதி இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். வாடகை வண்டி பிடித்து வந்து, படிக்கட்டைப் பார்த்துத் திரும்பிப் போக நேர்வதைவிட முன்கூட்டியே தெரிந்துகொள்வது மேல்; எழுதும்போதே அடுத்த முறை தரைத்தள அரங்கைத் தேட வேண்டும் என்று அமைப்பாளருக்கும் தோன்றும்.

ஏழாம் படி: கேட்டுப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் திரை வாசிப்பானுக்கு டாக்பேக் என்று பெயர். அமைப்புகள், அணுகல்தன்மை, டாக்பேக் என்ற வரிசையில் சென்று அதை இயக்கலாம். ஒலி அளவுப் பொத்தான்கள் இரண்டையும் சில விநாடிகள் சேர்த்து அழுத்தினால் இயங்கி, மீண்டும் அழுத்தினால் நிற்கும்படியும் குறுக்குவழி வைத்துக்கொள்ளலாம். நிறுத்தும் வழியைத் தெரிந்துகொண்ட பிறகு இயக்குங்கள். கூகுளின் பேச்சுச் சேவையில் தமிழ்க் குரலைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் தேய்த்தால் அடுத்த பகுதிக்குப் போகும். இருமுறை தட்டினால் திறக்கும். ஐஃபோனில் இதே வேலையை வாய்ஸ்ஓவர் செய்கிறது, கணினியில் என்.வி.டி.ஏ. இலவசமாகக் கிடைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பக்கத்தின் கடைசி ஐந்து பதிவுகளைக் கேளுங்கள். பிறகு காணொளியை ஒலியின்றி ஒருமுறையும், திரையைப் பார்க்காமல் ஒருமுறையும் ஓடவிடுங்கள். கைப்பேசியைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றி, வெயிலில் நின்று போஸ்டரைப் படித்துப் பாருங்கள்.

இவையெல்லாம் பிழைகளைக் காட்டும். ஆனால் அன்றாடம் இவற்றைப் பயன்படுத்துகிறவரின் அனுபவத்துக்கு ஈடாகாது. நிறுவனப் பக்கங்களை நடத்துகிறவர்கள் பார்வையற்ற ஒருவரையும் காது கேளாத ஒருவரையும் ஆலோசகராக அமர்த்தி, வடிவமைப்பாளருக்குத் தருவது போலவே அவர்களுக்கும் ஊதியம் தர வேண்டும்.

பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரே நாளில் சரிசெய்ய வேண்டியதில்லை. பக்கத்தின் உச்சியில் பொருத்தி வைத்த பதிவு, இப்போதும் பகிரப்படும் பதிவுகள், உதவி எண்கள், விண்ணப்ப வழிமுறைகள் என்ற வரிசையில் தொடங்குங்கள். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வெளியிட்ட பிறகும் மாற்று உரையைச் சேர்க்கலாம்; எக்ஸில் பொதுவாக அது இயலாது என்பதால் பட விவரிப்பை அந்தப் பதிவுக்கு மறுமொழியாக எழுதுங்கள். யாரேனும் 'படத்தில் என்ன எழுதியிருக்கிறது?' என்று பின்னூட்டத்தில் கேட்டால், அவருக்குத் தனியாக அனுப்பாமல் பதிவிலேயே எழுத்தாகச் சேர்த்துவிட்டு, சேர்த்ததை அவருக்குத் தெரிவியுங்கள்.